வீட்டு முட்டைக்கோழிக்குக் கால்சியம்: தீவனக்கடையில் கிடைக்கும் மூன்று சரக்குகள், ஒரு மதிப்பீடு

மதுரையைச் சுற்றியுள்ள தீவனக்கடைகளில் முட்டைக்கோழிக்குக் கால்சியம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பொருள்களில் ஒன்றை எடுத்துத் தருவார்கள்: உடைத்த கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் பொடி, பிளாஸ்டிக் புட்டியில் வரும் திரவ கால்சியம். மேலூர்ச் சாலையில் நான் வழக்கமாகத் தீவனம் வாங்கும் கடையில் இம்மூன்றையும் வாங்கி, கொல்லையில் மேயும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகளுக்கும் கூண்டில் இருக்கும் பழுப்பு முட்டைக் கோழிகளுக்கும் கொடுத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வீட்டளவில் கோழி வளர்ப்பவருக்கு வேண்டியது கிளிஞ்சல்தான் என்பதும், ஆனால் கடை தரும் நிலையிலேயே அதைக் கோழிக்கு வைக்கக் கூடாது என்பதும் என் முடிவு. மற்ற இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. இரண்டுமே கிளிஞ்சலுக்கு மாற்று ஆகா.

எவ்வளவு கால்சியம் தேவை என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் எந்தச் சரக்கு விலைக்குத் தகும் என்று சொல்ல முடியும். முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். நாட்டுக்கோழி முட்டையின் ஓடு 4 முதல் 5 கிராம் இருக்கும் என்று கொண்டால், ஒரு முட்டையோடு கோழியின் உடலிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை கால்சியம் வெளியேறிவிடுகிறது. தின்றதில் பாதியளவுதான் உடலில் சேர்கிறது என்பதால், முட்டையிடும் நாளில் கோழியின் வயிற்றுக்குள் 3 முதல் 4 கிராம் கால்சியம் போக வேண்டும். நாம் அள்ளிப் போடும் தானியத்தில் இது இல்லவே இல்லை. 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம். மக்காச்சோளமும் அதற்கு நெருக்கமாகவே நிற்கிறது. கம்பில் 40 மில்லிகிராமை ஒட்டி வரும். தானியங்களில் தலைசிறந்ததாகப் பேசப்படும் கேழ்வரகில்கூட 100 கிராமுக்கு 344 மில்லிகிராம். ஒரு நாட்டுக்கோழி நாள் முழுவதும் கேழ்வரகு மட்டுமே தின்றாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட ஒழுங்காகக் கிடைக்காது. முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம் என்பது உண்மை. ஆனால் 100 கிராம் பச்சைக் கீரையைத் தின்கிற கோழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிறுவிடை போன்ற நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டு, இடையிடையே அடையில் உட்கார்ந்துவிடும். கொல்லை மண், நத்தை, பூச்சி, பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை என்று கொத்தித் தின்று அது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வெள்ளையடித்த சுவரைக் கோழி விடாமல் கொத்துகிறதென்றால் அதற்குக் கால்சியம் போதவில்லை என்று பெரியவர்கள் சொல்வது சரியான கணிப்பே. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் காலப்போக்கில் மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிவிடுவதால், அந்தக் காரை கோழிக்குச் செரிக்கக்கூடிய பொருளே. இன்று ஊர்ப்புறங்களில் பலரும் வாங்கி வளர்க்கும் பி.வி.380, கிராமப்பிரியா போன்ற கோழிகளின் நிலை வேறு. நாட்டுக்கோழியைவிட மிக அதிகமாக முட்டை இடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை அவை. அவற்றுக்குச் சோற்றையும் தானியத்தையும் மட்டும் போட்டு நாட்டுக்கோழியைப் போல வளர்த்தால், முதலில் ஓடு மெலியும், பிறகு ஓடில்லாத தோல்முட்டை வரும், கடைசியில் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோழி கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடும்.

இனி சரக்குக்கு வருவோம். கிளிஞ்சலைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருகிறார்கள். நல்ல கிளிஞ்சலில் 38 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். சுண்ணாம்புக்கல் பொடியும் ஏறத்தாழ அதே அளவுதான். அப்படியிருக்கக் கிளிஞ்சலை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் அதன் சத்து அல்ல, பருமன். காலையில் முட்டையிட்ட கோழிக்குள் அடுத்த முட்டை பிற்பகலில் ஓடு கட்டும் பைக்குள் இறங்குகிறது. அங்கே சுமார் 20 மணி நேரம் தங்குகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில், கோழி எதுவும் தின்னாமல் அடைந்திருக்கும் நேரத்தில்தான் படிகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்பு தின்ற சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குருணையோ, இரையை அரைக்கும் அரைவைப் பையில் தங்கி, அங்குள்ள அமிலத்தில் மெல்ல மெல்லக் கரைந்து, விடிய விடியக் கால்சியத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கோழிக்கும் இது தெரிந்திருக்கிறது. தனிச் சட்டியில் கிளிஞ்சல் வைத்துப் பார்த்தால், காலையில் ஒன்றிரண்டு கொத்தோடு நகர்ந்துவிடும் பெட்டை, பொழுது சாயும் நேரத்தில் வந்து நின்று நிதானமாகப் பொறுக்கித் தின்னும். சேவலும் முட்டையிடாத விடைக்கோழியும் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் பருமனில்தான் கடைச் சரக்கின் முதல் குறை இருக்கிறது. சாக்கின் மேற்பகுதியில் உடைத்த உளுந்தின் அளவில் அழகான குருணை கிடக்கும். அடியில் போகப் போகத் தூள். பாதிச் சாக்கு விற்ற பிறகு போய் வாங்குபவருக்குக் கிளிஞ்சல் விலையில் பொடிதான் கிடைக்கும். கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, தூளும் கிளிஞ்சல்தானே, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். மேலே சொன்ன காரணத்தால் அது ஒன்றல்ல. எனவே கையைச் சாக்கின் அடிவரை விட்டு அள்ளிப் பார்த்த பின்பே நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரவை சலிக்கும் சல்லடையில் ஒருமுறை சலித்து, தங்கியதைச் சட்டிக்கும் விழுந்ததைத் தீவனத்தில் கலப்பதற்கும் ஒதுக்கிக்கொண்டால் வீணாவது எதுவுமில்லை.

இரண்டாவது குறை உப்பும் மணலும். கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் கிளிஞ்சலைச் சரியாகக் கழுவாமல் உடைத்திருந்தால் உப்பு ஒட்டியிருக்கும். உப்பு அதிகமானால் கோழி அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, எச்சம் நீர்த்துப்போகும். கொஞ்சம் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கி, அந்தத் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் கரிப்பு தெரிந்துவிடும். கரித்தால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி மாடியில் காயப்போட வேண்டும். மதுரை வெயிலில் ஒரு பகல் போதும். மணல் கலந்திருக்கிறதா என்று அறியச் சிறிது குருணையைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, மூழ்கும்படி வினிகரை ஊற்றுங்கள். கார்பனேட் நுரைத்துக் குமிழிவிடும். மறுநாள் பழைய வினிகரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால், சில நாளில் கிளிஞ்சல் முழுவதும் கரைந்து மணலும் கருங்கல் பொடியும் மட்டும் அடியில் நிற்கும். நான் வாங்கிய சரக்கில் மணல் இருந்தது, ஆனால் புகார் சொல்லும் அளவுக்கு இல்லை. கருங்கல் குருணை இரையை அரைக்க உதவும் என்பது உண்மைதான் என்றாலும் அது கரையாத கல், கால்சியம் தராது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் கடைகள் இருப்பதால் இந்தச் சோதனை தேவைப்படுகிறது.

சுண்ணாம்புக்கல் பொடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு வாங்கி வீட்டிலேயே தீவனம் கலப்பவருக்கு அது மலிவு. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால், 100 கிலோ கலவைக்கு 9 முதல் 10 கிலோ வரை பொடியும் குருணையும் சேர்ந்து போகும். அதில் பாதிக்குக் குறையாமல் குருணையாக இருப்பது நல்லது. கடையில் கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று உண்டு: பொடி தீவனத் தரத்தில் வந்ததா, வயலுக்கு இடும் சுண்ணாம்பா என்பது. மக்னீசியம் மிகுந்த டோலமைட் கல்லை அரைத்த பொடி வயலுக்கு நல்லது, முட்டைக்கோழிக்கு ஆகாது. எச்சத்தை இளக்கி ஓட்டையும் கெடுக்கும். மூட்டையில் அச்சிட்ட பெயர் இல்லாமல் உரச்சாக்கில் மறுகட்டுப் போட்டு வைத்திருந்த பொடியை அந்தக் கடையிலேயே பார்த்தேன்; அதை வாங்க வேண்டாம் என்பேன். வாசலில் போடும் கோலமாவையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும், எந்தக் கல்லை அரைத்தது என்று விற்பவருக்கே தெரியாது.

திரவ கால்சியத்தைத்தான் கடைக்காரர்கள் மிகவும் பரிந்துரைக்கிறார்கள். லாபம் அதில்தான் இருக்கிறது போலும். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3, பி12 ஆகியவை கலந்த இந்த மருந்தின் புட்டியில், 100 மில்லிக்கு எவ்வளவு கால்சியம் என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும், 100 கோழிக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லி என்று தயாரிப்பாளரே சொல்லும் அளவையும் வைத்து, ஒரு கோழிக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். நான் பார்த்த புட்டிகளில் அது முட்டை ஒன்றுக்குத் தேவையான கால்சியத்தின் மிகச் சிறிய பங்காகத்தான் வந்தது. கிளிஞ்சல் வாங்கும் பணத்தை இதில் போடுவதற்கு நியாயமே இல்லை. வைட்டமின் டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் குடலில் சேராது என்பது உண்மை. ஆனால் பகல் முழுதும் நம் ஊர் வெயிலில் மேயும் கோழி அதைத் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. தகரக் கூரைக்குக் கீழே கூண்டிலேயே அடைபட்டிருக்கும் கோழிக்கும், தோல்முட்டை இட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாமல் கிடக்கும் கோழிக்கும் சில நாள் கொடுக்க ஒரு சிறு புட்டி வீட்டில் இருப்பது தவறில்லை. பெரிய புட்டி வேண்டாம்.

கடைப் பொருள் அல்ல என்றாலும் சுண்ணாம்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் அதுவே பலரது கைவைத்தியம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிவை இறுத்து வைக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இந்தச் சுண்ணாம்பு 1.7 கிராமுக்கு மேல் கரையாது. அதில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும் கோழிக்கு இதனால் கிடைப்பது கால் கிராம்கூட இல்லை. அதோடு, அடியில் தங்கிய கலங்கலையோ நீறாத சுண்ணாம்புக் கட்டியையோ கோழி கொத்தினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். அந்தச் சுண்ணாம்பைக் கொட்டகைச் சுவரில் வெள்ளையடித்து, விரிசலில் ஒளியும் செள்ளுப்பூச்சிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துவதே சிறந்தது.

சேமிப்பு விஷயத்தில் மூன்று சரக்குகளும் மூன்று விதம். கிளிஞ்சல் கெட்டுப்போகும் பொருளே அல்ல; ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் அதன் கால்சியம் குறையாது. ஆயினும் உப்பு ஒட்டிய கிளிஞ்சல் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நீரை இழுத்துக் கசகசக்கும். உள்ளே காய்ந்த சதை ஒட்டியிருந்தால் கருவாட்டு வாடை எடுத்து எலியையும் எறும்பையும் அழைத்து வரும். கழுவிக் காய வைத்துவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வைப்பதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மே ஏற்றது. பழைய எண்ணெய்த் தகர டின்னில் வைத்தால் உப்புப் பட்டுச் சில மாதத்தில் அடி அரித்துவிடும். டிரம்மைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். பூச்சிமருந்து, உரம், நீற்றாத சுண்ணாம்பு ஆகியவை இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. வெள்ளையாக, பொடியாக இருக்கும் எல்லாமே அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் டிரம்மின் மேல் பெயரை எழுதிவிடுவது நல்லது.

சுண்ணாம்புக்கல் பொடி ஈரம் பட்டால் கட்டிப்படும். கட்டியை உடைத்துச் சலித்துப் பயன்படுத்தலாம், சத்து போகாது. ஆனால் அந்தப் பொடியோடு வைட்டமின் கலவையும் தீவனமும் சேர்ந்திருந்தால் கதை வேறு: ஈரம் பட்ட தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும், அதைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. திரவ மருந்துக்கு எதிரி வெப்பமும் வெளிச்சமும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் தொங்கவிட்ட புட்டியில் கால்சியம் அப்படியே இருக்கும், நாம் காசு கொடுத்த வைட்டமின் நாளுக்கு நாள் அழியும். வீட்டுக்குள் இருட்டான அலமாரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவை மட்டும் தண்ணீரில் கலந்து, மிச்சத்தை அன்றே கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல மருந்துகளில் இனிப்புச் சேர்ந்திருப்பதால் கிண்ணம் வழவழத்து ஈ மொய்க்கும்.

கிளிஞ்சலை வைக்கும் பாத்திரத்துக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கடையில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் காட்டினார்கள். அகலம் அதிகம், கோழி ஏறி நின்று எச்சமிடும். கூரைக்குக் கீழே, கோழியின் முதுகு உயரத்தில், மூங்கில் காலில் இறுகக் கட்டிய தேங்காய்ச் சிரட்டை அதைவிட மேல். நிறையக் கோழி இருந்தால் வளைவு மாட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போதும்; மேலே கொட்டினால் கீழே தானாக இறங்கும். உயரத்தில் கட்டச் சொல்வது தூய்மைக்காக மட்டும் அல்ல. குஞ்சுகளுக்கும் வளரும் கோழிகளுக்கும் ஒரு சதவீத அளவுக் கால்சியமே போதுமானது. முட்டைக்கோழிக்கு உரிய அளவை அவை தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு போல உப்புப் படிந்து இறந்துவிடும். தாயோடு குஞ்சும் ஒரே பஞ்சாரத்தில் இருக்கும் வீடுகளில் கால்சியத்தைத் தீவனத்தில் கலக்காமல் தனியே, குஞ்சுக்கு எட்டாதபடி வைப்பதற்கு இதுவே காரணம்.

கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெலிந்தே வந்தால் உடனே கிளிஞ்சலைக் குறை சொல்ல வேண்டாம். கோடையில் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைந்துவிடுகிறது; தீவனம் எடுப்பதும் குறைகிறது. அப்போது வேண்டியது நிழலும் குளிர்ந்த தண்ணீரும். வயதான கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போவதால் அதே அளவு ஓடு மெல்லியதாகப் பரவுகிறது. வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய் வந்துபோன கோழியும் கோணலான, சொரசொரப்பான முட்டை இடுவதுண்டு. பல கோழிகள் ஒரே நேரத்தில் அப்படி இட ஆரம்பித்தால் தீவனக்கடைக்குப் போகாமல் கால்நடை மருந்தகத்துக்கோ, திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கோ போய்க் கேட்பது உத்தமம்.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கு: முட்டையிடும் பத்துக் கோழிகள் தலைக்கு 4 கிராம் வீதம் குருணை தின்றால் மாதத்துக்கு 1,200 கிராம். தானியத்தையே நம்பி நாள்தோறும் முட்டையிடும் கோழிகள் இதைப்போல இரண்டு மடங்கும் தின்னக்கூடும். கடைத் தீவனம் தின்னும் கோழிகளுக்கு இதைவிடக் குறைவே போதும். வீட்டு முட்டை ஓட்டை வாணலியில் வறுத்து, முட்டையின் உருவம் தெரியாதபடி நொறுக்கிச் சிரட்டையில் சேர்த்தால் செலவு இன்னும் இறங்கும். ஆகவே 50 கிலோ சாக்கு மலிவு என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கேட்காமல், புதிதாகப் பிரித்த சாக்கின் மேற்பகுதியிலிருந்து 5 கிலோ நிறுக்கச் சொல்லி வாங்குங்கள்.